செல்ஃப் அடிக்கிறது, வண்டி மறுக்கிறது

பழைய ஸ்கோடா ஆக்டேவியா வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலம் வந்தால் ஒரு பயம் உண்டு. 2001இல் இந்தியாவுக்கு வந்த அந்த முதல் தலைமுறை வண்டியில், இன்ஜினை ஆளும் கணினிப் பெட்டி முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் கைகள் கிளம்பும் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் சருகும் இலையும் விழுந்து அந்தப் பள்ளத்தின் வடிகால் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் பெட்டிக்குள் நுழைந்தால் செம்புத் தடங்கள் பச்சை பூத்து, ஒருநாள் காலையில் வண்டி கிளம்பாது.

புதுப் பெட்டி வாங்கினால் அந்த வயதான வண்டிக்குக் கட்டுப்படியாகாது. எனவே மெக்கானிக் சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பி, உடைத்துப் பிரித்த இன்னொரு ஆக்டேவியாவிலிருந்து அதே எண் பொறித்த இசிஎம் ஒன்றைக் கொண்டுவரச் செய்கிறார். இசிஎம் என்பதுதான் பணிமனைகளில் இந்தப் பெட்டிக்கு வழங்கும் பெயர். படித்தவர்கள் இசியு என்பார்கள். மாட்டியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடித்துக்கொள்கிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். ஓரிரு நொடிதான். இன்ஜின் தானாக அணைந்துவிடுகிறது. மறுபடி திருப்பினாலும் அதே கதை. மீட்டரில் மஞ்சள் நிறத்தில் ஒரு கார்ப் படமும் சாவியும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கின்றன.

அனுபவம் குறைந்தவர் இந்த இடத்தில் டீசல் பம்ப்பைச் சந்தேகிப்பார். டீசல் வடிகட்டியை மாற்றுவார், காற்றுப் புகுந்திருக்கிறதா என்று குழாய்களைக் கழற்றுவார். செலவு ஏறுமே தவிர வண்டி ஓடாது. ஏனென்றால் அங்கே எதுவுமே பழுதாகவில்லை. புதிதாக வந்த பெட்டி நன்றாக இருக்கிறது, இன்ஜினும் நன்றாக இருக்கிறது. பெட்டிக்கும் வண்டிக்கும் அறிமுகம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பற்றவைப்பையும் எரிபொருள் பீய்ச்சுவதையும் ஒரே டிஜிட்டல் கணினியின் கீழ் கொண்டுவந்த பாஷ் நிறுவனத்தின் மோட்ரோனிக் 1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் வேலை ஒன்றுதான்: இன்ஜின் தண்டு இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, ஓட்டுநரின் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்து, எப்போது எவ்வளவு எரிபொருள் விட வேண்டும் என்று தீர்மானிப்பது. கோணத்தை அறிய, தண்டோடு சுற்றும் பல்சக்கரம் ஒன்று இருக்கிறது. பல வண்டிகளில் 60 பற்களுக்கான இடத்தில் இரண்டு பற்கள் மட்டும் இல்லாமல் விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி கடக்கும்போது ஒரு சுற்று முடிந்தது என்று கணினி அறியும். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு நொடிக்கு 200 தீப்பொறி வேண்டும். தண்டு ஒரு டிகிரி நகர ஆகும் நேரம் சுமார் 28 மைக்ரோ நொடி. கணக்கு அவ்வளவு துல்லியமாக நேரம் பார்த்து வேலை செய்ய வேண்டும்.

இவ்வளவு வேகமாகக் கணக்குப் போடும் சில்லு நம் கதையில் வில்லனும் இல்லை, நாயகனும் இல்லை. பக்கத்தில் ஒரு பெரிய நினைவகம் இருக்கிறது; இன்ஜினை ஓட்டும் நிரலும், எந்த வேகத்தில் எவ்வளவு எரிபொருள் என்ற அட்டவணைகளும் அதில். அதையும் விடுங்கள். மூலையில், எட்டே கால்களோடு, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இன்னொரு நினைவகச் சில்லு ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் கொள்ளளவு பெரும்பாலும் சில நூறு பைட்டுகள்தான். நீங்கள் இப்போது படிக்கும் பத்தியைக்கூட அதில் முழுதாக எழுதிவைக்க முடியாது. மின்சாரம் போனாலும் அழியாத அந்தச் சிறு இடத்தில்தான், 'நான் இந்த வண்டியைச் சேர்ந்தவன்' என்பதற்கான சான்று இருக்கிறது. ஆக்டேவியா அணைந்து போவதற்குக் காரணம் அங்கே எழுதப்பட்டிருக்கும் சில பைட்டுகள்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் இம்மொபிலைசர். கண்ணாடியை உடைத்து, ஸ்டியரிங் அடியில் இரண்டு கம்பிகளைப் பிடுங்கி ஒன்றோடொன்று தொட்டால் கார் கிளம்பிவிடும் என்று பழைய படங்களில் பார்த்திருப்போம். பழைய கார்களில் அது உண்மையே. அதைத் தடுக்க ஜெனரல் மோட்டார்ஸ் 1986இல் கார்வெட் காரில் ஒரு தந்திரம் செய்தது. சாவியின் தண்டில் ஒரு மின்தடை வில்லையைப் பதித்தார்கள். மொத்தம் 15 அளவுகள். தவறான அளவுள்ள சாவியைப் போட்டால் வண்டி கிளம்பாது. அத்துடன் சில நிமிடங்களுக்கு எந்தச் சாவியையும் ஏற்காது. பதினைந்து வாய்ப்புகள் என்பது எதற்கும் காணாத எண்தான். ஆனால் ஒவ்வொரு தவறுக்கும் சில நிமிடம் தெருவில் காத்திருக்க எந்தத் திருடன் விரும்புவான்? நேரத்தையே பூட்டாக்கும் இந்த யோசனை பின்னாலும் பல இடங்களில் தலைகாட்டும்.

அடுத்து வந்தது சிப் சாவி. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு சிறு சில்லு. சாவித் துளையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். சாவியைப் போட்டுத் திருப்பியதும் சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான காந்தப்புலத்தை எழுப்புகிறது. அந்தப் புலத்திலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு விழித்து, பதில் பேசுகிறது. ரிமோட் பேட்டரி தீர்ந்துபோனாலும் பல கார்கள் கிளம்புவது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2001இல், கனடா 2007இல். அமெரிக்கா இன்றுவரை கட்டாயமாக்கவில்லை. அதன் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

தொடக்க கால சில்லுகள் ஒரே எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். ஒருமுறை ஒட்டுக்கேட்டுவிட்டால் போதும், அதே எண்ணைச் சொல்லும் போலிச் சாவி தயார். எனவே பொறியாளர்கள் கேள்வி–பதில் முறைக்கு மாறினார்கள். வண்டி ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைக் கேள்வியாக அனுப்பும். இரு தரப்புக்கும் மட்டுமே தெரிந்த ரகசியத்தைக் கொண்டு சாவி அதை உருமாற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். வண்டியும் தனியாக அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை ஒத்தால்தான் அனுமதி. ரகசியம் ஒருபோதும் காற்றில் பயணிப்பதில்லை.

உருமாற்றும் கணக்கு எளிதாக இருந்தால் என்ன ஆகும்? 'ஏழால் பெருக்கிப் பதின்மூன்றைக் கூட்டு' என்பது ரகசியம் என்று வையுங்கள். வண்டி 10 என்று கேட்கிறது, சாவி 83 என்கிறது. நாளைக்கு 25 என்று கேட்கிறது, சாவி 188 என்கிறது. இரண்டையும் ஒட்டுக்கேட்டவன் கேள்விகளின் வித்தியாசம் 15, பதில்களின் வித்தியாசம் 105 என்று எழுதி, பெருக்கல் எண் ஏழு என்று அரை நிமிடத்தில் கண்டுபிடிப்பான். பள்ளிக்கூட இயற்கணிதமே போதும். உண்மையான சில்லுகள் கேள்வியையும் ரகசியத்தையும் பல சுற்று கலைத்துக் கலைத்துக் கலக்கி, அப்படிப் பின்னோக்கிப் போக முடியாமல் செய்கின்றன. முடியாமல் செய்வதாக நினைத்தார்கள் என்று சொல்வதே சரி; அதற்கும் வருவோம்.

சாவியைச் சோதிப்பது மட்டும் பாதுகாப்பாகிவிடாது. சோதனை முடிவைக் கொண்டு பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் ஒரு கம்பியைத் துண்டிப்பதோடு நிறுத்தினால், திருடன் அந்தக் கம்பியை ஒட்டிவிட்டுப் போய்விடுவான். அதனால் இன்ஜினை ஓட்டும் கணினியே மறுக்க வேண்டும் என்று வைத்தார்கள். இம்மொபிலைசரும் இசிஎம்மும் தங்களுக்குள் இன்னொரு கேள்வி–பதில் நடத்தும். அதில் தேறாவிட்டால் இசிஎம் எரிபொருளை நிறுத்திவிடும். இப்போது கம்பியை ஒட்டிப் பயனில்லை, ஏனென்றால் கம்பி எதுவும் அறுக்கப்படவில்லை. திருடன் இசிஎம்மையே மாற்றினால்? வட இந்தியாவில் பிடிபட்ட கார் திருட்டுக் கும்பல்கள் சிலவற்றிடம் வேறு இசிஎம்களும் சாவி நிரலேற்றும் கருவிகளும் இருந்ததாகச் செய்திகள் வந்திருக்கின்றன. அதற்காகத்தான் எந்த இசிஎம் வந்தாலும் 'நீ யார்' என்று வண்டி கேட்கிறது. புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பிய நல்ல மெக்கானிக்கும், அந்தக் கும்பலும் செய்வது வெளிப்பார்வைக்கு ஒரே காரியம். வண்டிக்கு முகம் பார்த்து வித்தியாசம் சொல்லத் தெரியாது.

ஆக்டேவியாவுக்குத் திரும்புவோம். ஸ்கோடா அடங்கிய ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் அந்தத் தலைமுறை வண்டிகளில் இம்மொபிலைசர் தனிப் பெட்டியாக இல்லாமல் மீட்டருக்குள்ளேயே குடியிருக்கிறது. கிலோமீட்டரைக் குறைத்துக்காட்ட யாரோ மீட்டரை மாற்றி, வண்டியே கிளம்பாமல் விழிப்பது இப்படித்தான். அவர்கள்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. மீட்டர், இசிஎம், சாவி மூன்றும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும். அறிமுகம் செய்துவைக்க நான்கு இலக்க ரகசிய எண் ஒன்று தேவை. தொடக்கத்தில் அதைச் சுரண்டிப் பார்க்கும் அட்டையாகச் சாவியோடு கொடுத்தார்கள். பிறகு வந்த வண்டிகளில் அது உரிமையாளர் கைக்கே வரவில்லை. நிறுவனத்தின் பதிவேட்டில்தான் இருந்தது.

அந்தக் குழுமத்தின் மூன்றாம் தலைமுறை இம்மொபிலைசரில் இன்னொரு முடிச்சும் சேர்ந்தது. இசிஎம்முக்கு வண்டியின் அடையாள எண்ணும் தெரியும். பழைய பெட்டியை இன்னொரு வண்டிக்குப் பழக்க வேண்டுமென்றால், அந்தப் பெட்டி முன்பு இருந்த வண்டியின் ரகசிய எண் வேண்டும். உடைத்து விற்கப்பட்ட வண்டியின் எண்ணை யாரிடம் கேட்பது? நான்கு இலக்கம்தானே, 0000 முதல் 9999 வரை முயன்று பார்க்கலாம் என்றால், சில தவறுகளுக்குப் பிறகு பெட்டி கதவடைத்துக்கொள்ளும். அடுத்த தவறுக்குக் காத்திருப்பு இன்னும் நீளும். கார்வெட்டின் பழைய தந்திரம் மறுபடியும்! சரியான எண் கையில் இருந்தால் ஸ்கேனரைச் செருகி, பெட்டியைப் பழைய குடும்பத்திலிருந்து விலக்கி, புதிய மீட்டரின் அடையாளத்தை ஏற்கச் செய்வது சில நிமிட வேலை. அதற்கடுத்த தலைமுறைகளில் ரகசியங்கள் ஜெர்மனியின் உல்ஃப்ஸ்பர்க்கில் உள்ள மையத் தரவுத்தளத்துக்குக் குடிபெயர்ந்தன. அந்தத் தலைமுறை வண்டியின் உதிரிபாகம் ஒன்றை முறைப்படி அறிமுகப்படுத்த வேண்டுமானால், கோயம்புத்தூர் பணிமனையாக இருந்தாலும் இணையம் வழியாக ஜெர்மனியின் அனுமதியைப் பெற்றாக வேண்டும்.

ஒவ்வொரு நிறுவனமும் இந்த அறிமுகத்தைத் தன் போக்கில் நடத்துகிறது. சில டொயோட்டா மாடல்களில், சோதனைச் சாக்கெட்டின் குறிப்பிட்ட இரண்டு முனைகளைக் கம்பியால் இணைத்து, இக்னிஷனை ஆன் செய்து 30 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் இசிஎம்மும் இம்மொபிலைசரும் பேசி முடித்துக்கொள்ளும். உரிமையாளருக்கு அது ஒரு டீ நேரம், திருடனுக்கு ஒரு யுகம். ஃபோர்டின் பல மாடல்களில், வேலை செய்யும் இரண்டு சாவி இருந்தால் மூன்றாவதை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றே இருந்தால் கருவியோடு ஆள் வர வேண்டும்.

ரெனோவின் பழைய முறைதான் கடுமையானது. புது இசிஎம் எழுதாத பலகையாக வரும். முதல் முறை இக்னிஷன் ஆன் செய்ததும், வண்டியின் உடற்பகுதிக் கணினியிடமிருந்து குறியீட்டைக் கற்றுக்கொண்டுவிடும். பிறகு சாதாரணக் கருவிகளால் அதை மறக்கடிக்க முடியாது. எனவே அவர்களின் பணிமனைக் கையேடுகளிலேயே, சோதித்துப் பார்ப்பதற்காகக் கடையிலிருந்து இசிஎம் ஒன்றை இரவல் வாங்கி மாட்டாதே என்று எச்சரிக்கை உண்டு. மாட்டினால் அது உன் தலையில்தான்.

இந்தச் சிக்கல்களையெல்லாம் ஒரே அடியில் கடக்கும் வழி ஒன்று இருக்கிறது, திறமையான எலக்ட்ரானிக்ஸ் ஆட்கள் பல ஊர்களிலும் அதைத்தான் செய்கிறார்கள். செத்துப்போன சொந்தப் பெட்டியைத் திறந்து, அந்த எட்டுக்கால் சில்லில் இருப்பதை வாசித்து, வாங்கி வந்த பெட்டியின் சில்லுக்குள் எழுதிவிடுவது. நிரலும் ஒத்துப்போக வேண்டும் என்பதால் பெரிய நினைவகத்தையும் சேர்த்து நகலெடுப்பார்கள். இப்போது வந்த பெட்டி, போன பெட்டியின் அச்சு அசல். மீட்டருக்கு ஆள் மாறியதே தெரியாது. இசிஎம்மின் மற்ற பாகங்கள் தண்ணீரில் கருகிப்போனாலும் அந்தச் சிறு சில்லு பல நேரங்களில் பிழைத்திருக்கும் என்பதுதான் இதில் உள்ள நல்ல செய்தி. இதைவிட மலிவானது, முடிந்தால் சொந்தப் பெட்டியையே சரிசெய்வது. ஓர் இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகி அதை இயக்கும் டிரான்சிஸ்டரை எரித்திருந்தால், அந்த ஒன்றை மாற்றினால் போதும். ஆனால் எரித்த காயிலையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புது டிரான்சிஸ்டரும் அதே வழியில் போகும்.

இனி அந்த உடையாத ரகசியங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சாவிச் சில்லு ஒன்று 40 பிட் ரகசியத்தை வைத்திருந்தது. அதாவது சுமார் 1,10,000 கோடி வாய்ப்புகள். 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்எஸ்ஏ ஆய்வகமும் சேர்ந்து அதன் கணக்கு முறையை ஊகித்தறிந்து, 16 சிறப்புச் சில்லுகளை இணையாக ஓட்டி, ஐந்து சாவிகளின் ரகசியங்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளிக்கொண்டுவந்தார்கள். 2012இல் ஹிடாக்–2 என்ற இன்னொரு பரவலான சில்லு விழுந்தது. மெகாமோஸ் என்ற மூன்றாவது சில்லைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிடாமல் 2013இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் ஃபோக்ஸ்வாகன் தடை வாங்கியது. இரண்டு ஆண்டு கழித்து, ஒரே ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு அது வெளிவந்தது. கணக்கு முறையை மூடி மறைத்துவைத்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் மூன்று முறையும் தோற்றிருக்கிறது. நன்றாக அலசப்பட்ட பொதுவான முறையை எடுத்து, ரகசிய எண்ணை மட்டும் நீளமாக வைத்திருந்தால் இந்த அவமானம் வந்திருக்காது.

ஓட்டை இருக்கிறது என்பதற்காக இம்மொபிலைசரையே ஏளனம் செய்வது அறியாமை. நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையிலான தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், இந்த மலிவான கருவி கார் திருட்டைச் சுமார் 40 விழுக்காடு குறைத்தது என்று கணக்கிட்டார்கள். எதிர்ப்பக்கச் சான்று அமெரிக்காவில் கிடைத்தது. அங்கே 2015 மாடல் கார்களில் மற்ற நிறுவனங்களின் 96 விழுக்காடு மாடல்களில் இம்மொபிலைசர் இயல்பாக இருக்க, ஹூண்டாய், கியா மாடல்களில் 26 விழுக்காட்டில்தான் இருந்தது. 2021, 2022இல் பதின்ம வயதுப் பையன்கள் ஒரு யுஎஸ்பி கம்பியின் முனையைக் கொண்டு அந்தக் கார்களைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அதை வீடியோவாகப் போட்டு மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். எல்லைக்கு அப்பால் கனடாவில் அதே நிறுவனங்களின் கார்கள் அந்தக் கூத்துக்கு ஆளாகவில்லை, அங்கே சட்டம் இருந்தது.

ஆக, பூட்டு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கேள்வி, பூட்டின் மறு சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதுதான். இந்தியாவில் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கொடுக்காமல் முடக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. கொடுங்கள் என்றது தீர்ப்பு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. பாதுகாப்புக்காகத்தான் மறைக்கிறோம் என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. அமெரிக்காவில், பின்னணி சரிபார்க்கப்பட்ட பூட்டுத் தொழிலாளர்களையும் மெக்கானிக்குகளையும் பதிவு செய்து, அவர்களுக்கு மட்டும் சாவிக் குறியீடுகளை வழங்கும் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. யார், எந்த வண்டிக்கு, எப்போது கேட்டார் என்பது பதிவாகிறது. திருடனுக்கும் மெக்கானிக்குக்கும் வித்தியாசம் சொல்ல இது ஒரு வழி. இங்கேயும் அப்படி ஒன்று வந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

அதுவரை உங்கள் கையில் இருப்பவை சில. வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் இசிஎம்மைக் குற்றம் சாட்ட விடாதீர்கள். எர்த் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, பெட்டிக்கு 12 வோல்ட் வருகிறதா, சென்சார்களுக்கு அது கொடுக்கும் 5 வோல்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெட்டி தானாகக் கெடுவது அபூர்வம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பெட்டியின் மேல் உள்ள எண் கடைசி எழுத்து வரை ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பழைய பெட்டியை, எவ்வளவு அழுக்காக இருந்தாலும், பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வண்டியின் ரகசியம் அதற்குள்தான் இருக்கிறது. பயன்படுத்திய கார் வாங்கப் போனால் ஆர்சி புத்தகத்தோடு இரண்டு சாவியையும் கேளுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், அடுத்த சாவிக்கு ஆகும் செலவை விசாரித்து விலையில் கழித்துக்கொண்டு கொடுங்கள்.